நாற்பதாம் பக்கத்து ஞானி

நாற்பதாம் பக்கத்து ஞானி என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நான் பார்த்ததே இல்லை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், உறவில் ஒருவர் கட்டாயம் இருப்பார். பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து, நீங்கள் பாட்டுக்குச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "நீங்க பாக்கறது மரமா, இல்ல மரம்னு உங்க மனசு சொல்றதா?" என்று ஆரம்பிக்கிறாரே, அவர் சாட்சாத் இந்த இனம்தான். அன்றைக்கு நீங்கள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தீர்களா இல்லையா?

இவர்களுக்கு மேலைநாட்டுத் தத்துவம் என்றால் உயிர். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய தத்துவவாதிகளில் ஒருவர் பெயர்கூட இங்கே வராது. மறதியால் அல்ல, பயத்தால். ஒரு பெயரை எழுதினால் போதும், "உச்சரிப்பு அப்படி இல்ல சார், கடைசி எழுத்தை முழுங்கணும்" என்று எங்கிருந்தோ ஒரு ஞானி கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆகவே விஷக் கோப்பையைக் குடித்த கிரேக்கர், அவர் பேசியதாக எழுதிவைத்த சீடர், கணப்பு மூட்டிய அறைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர், தினமும் ஒரே நேரத்தில் உலாவப் போன ஜெர்மன்காரர், பெரிய மீசைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அதென்ன நாற்பதாம் பக்கம் என்கிறீர்களா? ஞானி புத்தகம் படிக்கும் அழகை ஒருநாள் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். புதுப் புத்தகத்துக்கு முதலில் அட்டை போடுவார். உள்ளே பெயர், தேதி, வாங்கிய இடம், அன்றைய வானிலை எல்லாம் எழுதுவார். பென்சிலைச் சீவுவார், சீவியது போதாது என்று மறுபடி சீவுவார். பிறகு முன்னுரையை ஒரு வரி விடாமல் அடிக்கோடு போட்டுக்கொண்டே படிப்பார்; முன்னுரை எழுதியவர் தம் மனைவிக்கு நன்றி சொல்கிற வரிக்குக்கூடக் கோடு உண்டு. முதல் அத்தியாயத்தில் பக்கத்துக்கு ஆறு கோடு. இருபதாம் பக்கத்தில் இரண்டு. முப்பதில் ஓரமாக ஒரு கேள்விக்குறி. முப்பத்தெட்டில் பென்சில் வழுக்கி, சாய்வாக ஒரு கோடு நழுவி ஓடியிருக்கும். அது கருத்து வேறுபாடு அல்ல, தூக்கம். நாற்பதில் பழைய பேருந்துச் சீட்டு ஒன்றைச் செருகி, புத்தகத்தை மூடி, கண்ணை மூடி, "ம்ம்ம்" என்பார். அவ்வளவுதான். அந்தத் தத்துவவாதி ஜீரணமாகிவிட்டார். மறுநாள் முதல் ஊரில் யாரும் நிம்மதியாக ஒரு வார்த்தை பேச முடியாது.

நம்முடைய ஞானிக்கு உத்தியோகம் நகரத் தண்ணீர் அலுவலகத்தில், மீட்டர் பிரிவுக்குத் தலைமை எழுத்தர். வயது ஐம்பத்து மூன்று. 'ஞானி' என்று முதலில் கூப்பிட்டவர்கள் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். புகார் கொடுக்க வருகிறவர்கள் அவர் மேசைக்கு முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே பேசுவார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

சலவைக் கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருத்தி, பாவம், தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"குழாயை இறுக்கி மூடினாலும் மீட்டர் ஓடுது சார்."

"நீங்க பாக்கும்போது ஓடுதா, பாக்காதபோதும் ஓடுதா?"

"பாக்காதபோது ஓடுதான்னு நான் எப்படி சார் பாக்கறது?"

"அதான்! அதேதான்!" ஞானி மேசையில் ஓங்கித் தட்டினார். "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பாதிரியார் இதையேதாம்மா கேட்டார்!"

"அவருக்கு மீட்டர் மாத்திக் குடுத்தாங்களா சார்?"

இப்படிப்பட்ட கேள்விகளால் ஞானி அசந்துவிடமாட்டார். யாராவது மடக்கினால் எடுத்துவிட அவரிடம் மூன்று அஸ்திரங்கள் இருந்தன. "மூலத்துல அப்படி இல்ல" என்பது ஒன்று. மூலம் எந்த மொழி என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. "அதுக்குள்ள போனா நேரம் ஆயிடும்" என்பது இன்னொன்று. இரண்டும் பலிக்காவிட்டால், "பிற்காலத்துல அவரே அதை மாத்திக்கிட்டார்." இதை வெல்ல யாரால் முடியும்? பிற்காலம் என்பது நாற்பதாம் பக்கத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே யார் போய்ப் பார்த்தார்கள்?

இது தவிர உலாவல். அந்த ஜெர்மன்காரர் தினமும் பிற்பகல் ஒரே நேரத்தில் உலாவக் கிளம்புவாராம், ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்களாம். இதை முன்னுரையில் படித்த நாள்முதல் நம்மவரும் சரியாக மூன்றரை மணிக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை நாளானால் அலுவலகத்திலிருந்து, விடுமுறையானால் வீட்டிலிருந்து. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தன்னந்தனியாக. கூட யாராவது வந்தால் சிந்தனை கலையுமாம். அவரைப் பார்த்து யாரும் கடிகாரத்தைத் திருத்தவில்லை. முனையில் இருந்த தேநீர்க் கடைக்காரர் மட்டும் அவர் தலை தெரிந்ததும் பாலை அடுப்பில் ஏற்றுவார்.

அலுவலகம் இருந்த அந்தத் தெருவில்தான் அவர் வீடு. மாடியில் குடித்தனம், கீழே அவர் மனைவியின் கண்ணாடிச் சாமான் கடை. டம்ளர், ஜாடி, கிண்ணம், விளக்குக் கூண்டு என்று மூன்று பக்கமும் கண்ணாடியாக நிற்கும் கடை. அந்த அம்மாள் அதற்குள் இருபது வருஷமாகப் புழங்கி ஒரு கிண்ணத்தைக்கூட உடைத்ததில்லை. தினமும் மூன்றரை மணிக்குக் கடைவாசல் வழியாகப் புருஷன் நடந்து போவதைப் பார்ப்பாள். அவர் உள்ளே திரும்பிப் பார்க்கமாட்டார். சிந்தனையில் இருப்பார்.

வீட்டில் அவருடன் பேசுவது என்ன லேசான காரியமா? எதைக் கேட்டாலும் "சரி" என்று ஒரு வார்த்தையில் முடிக்கத் தெரியாது. "சோப்பு தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வரீங்களா?" என்றால், "சரி, ஆனா தீந்துபோறதுன்னா என்ன?" என்பார். "மழை வரும்போல இருக்கு, துணிய எடுங்க" என்றால், "சரி, ஆனா நேத்து வந்தா இன்னிக்கும் வரும்னு என்ன நிச்சயம்?" என்பார், துணி நனையும். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் 'ஆனால்' ஒட்டாத 'சரி' ஒன்றை அந்த அம்மாள் காதால் கேட்டதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அவருடன் பேச வேறு வழி தெரியாமல், அந்த அம்மாள் ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதினாள். அவர் அப்போது மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்த ஜெர்மன்காரரின் தடித்த புத்தகத்தில், நாற்பத்தோராம் பக்கத்தில் அதை வைத்தாள். முந்தின நாள்தான் பேருந்துச் சீட்டு நாற்பதுக்கு வந்திருந்தது. நாளைக்குப் பார்த்துவிடுவார் என்று காத்திருந்தாள். நாளை போயிற்று, வாரம் போயிற்று, வருஷமே திரும்பிவிட்டது. அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் மூன்று கூட்டங்களில் பேசிக் கைதட்டும் வாங்கிவிட்டார். சீட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

அந்த அம்மாளுக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்ததும் மற்றப் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நாற்பது வரை பென்சில், அதற்கப்புறம் காகிதம் சலவை மடிப்புப் போல அப்படியே. ஒன்றல்ல இரண்டல்ல, பதினேழு புத்தகங்கள்! அந்த மழைக்காலத்தில் கடையில் பொதி கட்டக் காகிதம் தீர்ந்தது. வாசலில் ஒரு வாடிக்கைக்காரர் ஆறு டம்ளரை வாங்கிக்கொண்டு நிற்கிறார். அந்த அம்மாள் மாடிக்குப் போய், மீசைக்காரரின் புத்தகத்தை எடுத்து, பிளேடால் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து தையலை ஒட்டி ஒரு கீறு கீறினாள். நல்ல கெட்டித் தாள். ஆறு டம்ளரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தன.

திருட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பயப்பட வேண்டாம். கண்ணாடிச் சாமான் வருகிற அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டி, அதே கனத்துக்கு அடுக்கி, உள்ளே செருகிவிட்டாள். வெளியே பார்த்தால் புத்தகம் கொழுகொழுவென்று முன்போலவே நின்றது. ஒருமுறை ஞானியே அதைக் கையில் எடுத்து, "புரியப் புரியப் புத்தகம் லேசாயிடுது பாரு" என்றார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாடியைத் துடைத்தாள். பத்து வருஷத்தில் பதினாறு தத்துவவாதிகள் இப்படி ஊரெல்லாம் டம்ளர் சுற்றப் போனார்கள். ஜெர்மன்காரரை மட்டும் அவள் தொடவில்லை. சீட்டு உள்ளே இருந்தது அல்லவா?

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. ஞானிக்கு ஒரே மகள். அம்மாவுக்குத் துணையாகக் கடையில் நிற்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் வந்தான். டீ குடிக்க ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு போனான். கட்டட உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், மோட்டார் சூடு ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா இருந்தவன் டம்ளர் சுற்றிய தாளைப் பிரித்துப் படித்தான். அந்த வாரம்தான் கிரேக்கச் சீடரின் புத்தகம் பிளேடு பட்டுக் கடைக்கு வந்திருந்தது. ஒரு குகை. உள்ளே பிறந்ததிலிருந்து கட்டிப்போட்ட மனிதர்கள். எதிர்ச் சுவரில் நிழல்கள். ஒருவனை அவிழ்த்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவன் கண் கூசுகிறது... தாள் முடிந்துவிட்டது! அவனுக்கு மண்டை வெடித்துவிடும் போல் ஆயிற்று. மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றான்.

"இன்னொரு டம்ளர் வேணுங்க. நேத்து சுத்திக் குடுத்தீங்களே, அதே பேப்பர்ல."

மகள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்த தாளைத் தேடி எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். அதற்கு மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். முப்பது டம்ளர் ஆனதும் அவள் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டாள்.

"உங்க வீட்ல எத்தனை பேருங்க?"

"நான் மட்டும்தாங்க."

எழுபத்திரண்டாவது டம்ளருக்கு அவள் டம்ளரே கொடுக்கவில்லை. பக்கங்களை வரிசையாக அடுக்கி, நூலால் கட்டி, காகிதக் கட்டை மட்டும் நீட்டினாள். அவனும் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். அன்றைக்குத்தான் அது என்னவென்று இருவருக்கும் விளங்கியது. அந்த அம்மாளுக்கு இருபதாவது டம்ளரிலேயே விளங்கிவிட்டது.

இப்போது அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். மீறி வரமாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்." ஞானியோ, "என் பொண்ணைக் கட்டறவனுக்குப் பணம் காசு வேண்டாம், சிந்தனை வேணும். நாலு கேள்வி கேப்பேன்" என்று சொல்லியிருந்தார். வருகிற சனிக்கிழமை நாலு மணி, உலாவல் முடிந்து வந்ததும், பரீட்சை. அவள் வாழ்க்கை முழுவதும் அந்த நாலு கேள்வியில் தொங்கியது.

அவளுக்குப் பயம் கேள்விகளைப் பற்றி இல்லை. "எது கேட்டாலும் தலைய ஆட்டுங்க. எதிர்த்துப் பேசிடாதீங்க. இதெல்லாம் எங்க படிச்சேன்னு கேட்டா, வாயே திறக்காதீங்க" என்று சனிக்கிழமை மாடிப் படிகளில் ஏறும்போதுகூட அவனிடம் கெஞ்சினாள். அவனும் சரி என்றான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாது. சும்மா இருப்பது பொய் ஆகாது என்று நினைத்திருப்பான்.

அம்மாள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, 'இதோ வருகிறோம்' என்று பலகை மாட்டிவிட்டு மேலே வந்தாள். ஞானி புத்தக அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நீதின்னா என்ன? அந்தக் கிரேக்கர் என்ன சொல்லியிருக்கார்?"

"நீங்களே சொல்லுங்க சார்" என்றான் அவன், சொல்லிக்கொடுத்தபடி.

ஞானிக்குப் பிடித்துப்போயிற்று. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். "பலசாலிக்கு எது சௌகரியமோ அதுதான் நீதி. அவ்வளவுதான். இருபத்தஞ்சு வருஷமா நான் இதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன். ஆபீஸ்லயும் அப்படித்தான். யார் மீட்டரை எப்போ மாத்தணும்னு பிரிவுத் தலைவன் முடிவு பண்றான். எதிர்த்துக் கேட்டா அது அநீதி."

மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டுங்கள், ஆட்டிவிடுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. அவன் ஆட்டத்தான் பார்த்தான். ஆனால் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் அவனால் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியாது, தொழில் அப்படி.

"அது அவர் சொன்னதில்ல சார்."

ஞானி நீட்டிய காலை மடக்கினார்.

"என்னது?"

"அது யாரோ ஒரு கோபக்காரர் சண்டைக்கு வந்து சொன்னது சார். அவர் யாரு, எப்ப வந்தாருன்னு எனக்குத் தெரியாது, ஆரம்பம் என்கிட்ட இல்ல. ஆனா மிச்சப் புத்தகம் முழுக்க, அந்த மனுஷன் சொன்னது தப்புன்னுதான் சார் நிரூபிக்கிறாங்க."

"நான் படிச்சிருக்கேன்பா!"

"முடிவு வரைக்கும் இருக்கு சார்."

ஞானியின் காது சிவந்தது. "சரி, ஆனா அதை விடு. கணப்பு அறைக்காரர்! எல்லாத்தையும் சந்தேகப்படு. கண்ணை நம்பாதே, காதை நம்பாதே, கை இருக்கான்னே சந்தேகப்படு. அதான் அவர் சொன்னது. அதனாலதான் நான் யாரையும் நம்பறதில்ல. உன்னையும் சேத்து."

"அது முதல் நாள் சார்" என்றான் அவன் மெதுவாக. "அந்தப் புத்தகத்துல ஆறு நாள் யோசிக்கிறாரு. ஆறாவது நாள்ல எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறாரு. கை, கால், சுவர், உலகம், மத்த மனுஷங்க, எல்லாம் திரும்பி வந்துருது. எனக்கு முதல் நாள் கிடைக்கவே இல்ல சார். எதுக்கு இவர் எல்லாத்தையும் இவ்வளவு சந்தோஷமா திருப்பித் தராருன்னு ரொம்ப நாள் புரியாம இருந்தேன்."

"பிற்காலத்துல அவர் மாத்திக்கிட்டதைச் சொல்றே!"

"அதே புத்தகம் சார். அடுத்த அறுபது எழுபது பக்கத்துல."

யாராலும் வெல்ல முடியாத மூன்றாவது அஸ்திரமே முறிந்துவிட்டது. ஞானி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மூலத்தையே எடுத்துக் காட்டறேன், இரு!" என்று அலமாரிப் பக்கம் திரும்பினார். அம்மாளும் மகளும் ஒரே சமயத்தில் "வேண்டாங்க", "வேண்டாம்ப்பா" என்றார்கள். கேட்பாரா? கிரேக்கரை உருவி, பேருந்துச் சீட்டு இருந்த இடத்தில் பிரித்து, வாழ்க்கையில் முதல்முறையாக நாற்பதாம் பக்கத்தைத் தாண்டினார்.

பழுப்பு அட்டை. அதில் கொட்டை எழுத்தில், 'உடையும் பொருள். கவனமாகக் கையாளவும்.'

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் அவர் பென்சிலுக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். பிறகுதான் அடுத்ததைத் திருப்பினார். அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம் மேலே' என்றிருந்தது. கணப்பு அறைக்காரரைப் பிரித்தார்: 'ஈரம் படக் கூடாது'. மீசைக்காரரைப் பிரித்தார்: 'பன்னிரண்டு கிண்ணங்கள்'. தரையெல்லாம் அட்டை. ஞானி நடுவில் நின்றார்.

"யாரு? யாரு இதைச் செஞ்சது?"

"நான்தான்" என்றாள் அம்மாள். குரலை உயர்த்தவில்லை. "பத்து வருஷமா கடைக்குப் பொதி கட்டிட்டிருக்கேன். எந்தப் பக்கம் இல்லாம உங்களுக்குக் கஷ்டமாச்சுன்னு சொல்லுங்க, தேடித் தரேன்."

ஞானி கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பத்து வருஷம்! இந்தப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு எத்தனை கூட்டம், எத்தனை தேநீர்க் கடை, எத்தனை வாக்குவாதம்! அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டா ஊரைச் சுற்றினோம் என்று நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எதிரே நின்றவன் பார்க்கிறானே என்பது அதைவிட. 'வெளியே போ' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளுக்கு அது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணை மட்டும் நான் தொடலை" என்றாள் அம்மாள். "உங்க ஜெர்மன்காரர். அதை எடுங்க. நாப்பத்தொண்ணு."

அவர் எடுத்தார். அது மட்டும் கனமாக இருந்தது. திருப்பினார். பக்கம் இருந்தது. பக்கத்தின் மேல் மஞ்சளித்துப்போன ஒரு சீட்டு இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி, தெரிந்த கையெழுத்து.

'இதைப் பார்த்ததும் உலாவப் போகும்போது கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிடுங்கள். நானும் கூட வருகிறேன். ஒன்றும் பேசாமல் வருகிறேன். நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் கடையை மூடிவிட்டு வருகிறேன்.'

ஞானி அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அந்த மனிதர் ஒன்றைக் கோடு போடாமல் இரண்டுமுறை படித்தது அதுதான் முதல் தடவை. பதினோரு வருஷமாக, தினம் தினம், மூன்றரை மணிக்கு அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார். கணக்குப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனைப் பார்த்துக் கேட்டார். "மிச்சமெல்லாம் உன்கிட்ட இருக்கா?"

"கிடைச்சதை எல்லாம் வரிசையா வெச்சிருக்கேன் சார். ஆரம்பம்தான் ஒண்ணுலயும் இல்ல."

"ஆரம்பம் என்கிட்ட இருக்கு" என்றார் ஞானி. சொல்லிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, "ஆரம்பம் மட்டும்தான் இருக்கு" என்றார்.

மகள் விடவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, வாயைத் திறந்து சொல்லுங்க. சரியா, இல்லையா?"

"சரி" என்றார் ஞானி.

மூவரும் காத்திருந்தார்கள். அந்த 'ஆனால்' எங்கே? வரும், இதோ வந்துவிடும் என்று அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் கையால் நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டாள். அவர் உதடு அசைந்தது. பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? ஞானி அதை அப்படியே விழுங்கினார்.

"சரி" என்றார் மறுபடியும். அவ்வளவுதான்.

மகள் அழுதுவிட்டாள். மெக்கானிக் என்ன செய்வது என்று தெரியாமல் குனிந்து அட்டைகளைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தான். "அதை விடுங்க மாப்பிள்ளை, கடைக்கு ஆகும்" என்றாள் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஞானி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தெருவுக்குப் போய், பாதி இறங்கிய ஷட்டருக்கு வெளியே நின்று, மேலே பார்த்து, "வரியா?" என்றார்.

"இருங்க, கடையை மூடிட்டு வரேன்" என்றாள் அவள்.

அன்றைக்கு மணி ஐந்தேகால் இருக்கும். தேநீர்க் கடைக்காரர் ஞானி மறுபடியும் வருவதைப் பார்த்தார், கூட ஆள் வருவதைப் பார்த்தார், திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளை மூன்றரைக்குத் திருப்பிவைத்தார். அந்த ஊரில் அவரை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தியது அந்த ஒரு தரம்தான்.

ஞானி திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த இனம் திருந்தாது. தெருக்கோடியில் திரும்பும்போதே, "இப்ப இந்த ஜெர்மன்காரர் என்ன சொல்றார்னா..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"நாப்பத்தொண்ணுலேர்ந்து சொல்லுங்க" என்றாள் மனைவி.

வீடு வந்து சேரும்வரை அவர் பேசவில்லை. இரண்டு பேருக்கும் அது நன்றாகவே இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நடுவில் மகளும் மெக்கானிக்கும் வருகிற இடத்தைத் தாண்டிக் குதித்துத்தானே இங்கே வந்தீர்கள்? அதை விடுங்கள். உங்கள் அலமாரியிலும், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, தடியாக ஒன்று நிற்கிறது அல்லவா? யாரும் பார்க்காதபோது அதை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அட்டை இருந்தால் வீட்டில் சத்தம் போடாதீர்கள், போட வாய் இல்லை. சீட்டு இருந்தால் செருப்பை மாட்டுங்கள்.